மரை ஒன்றுதான், அளவும் ஒன்றா? பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் எந்தக் கேமராவுக்குப் பொருந்தும்?

ஈப்போவுக்கு வடக்கே செமோர் தொடங்கிச் சுங்கை சிப்புட் வரை, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குடும்பங்கள் வீடு மாறும்போது அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெளியே வரும் பொருள்களில், தோல் உறைக்குள் இருக்கும் பழைய கேமராவும் உண்டு. பெரும்பாலும் அது யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனனெட் போன்ற வகையாக இருக்கும். அவற்றில் லென்ஸ் பாடியோடு நிலையாகப் பிணைந்தது. கழற்ற முடியாது, ஆகவே எந்தக் கேள்வியும் எழாது. லைக்கா, கேனன், நிக்கான் என்று லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா கைக்கு வந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. பாடி ஜெர்மனியில் செய்ததாக இருக்கும், லென்ஸ் ஜப்பானில் செய்ததாக இருக்கும். பினாங்கு 1960களின் இறுதிவரை தீர்வையற்ற துறைமுகமாக இருந்ததால் இரு நாட்டுச் சரக்கும் வட மலாயாவில் ஒரே கடையில் கிடைத்திருக்கலாம் என்பது இந்தக் கலப்புக்கு ஒரு காரணமாகலாம். இப்போது அவற்றோடு சோவியத் லென்ஸ்களும் சேர்ந்துகொண்டன. இணையத்தில் மலிவாகக் கிடைப்பதால், பரம்பரையாக வந்த பாடிக்கு ஒரு ஜூப்பிட்டர் லென்ஸை வாங்கி மாட்டுவது இளையவர்களிடையே வழக்கமாகி வருகிறது.

இந்த லென்ஸ் அந்தப் பாடிக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. மரை சேர்ந்தால் போதும் என்பார் உண்டு. நாட்டுக்கு நாடு அளவு வேறு, மாட்டவே கூடாது என்பார் உண்டு. எல்லாம் அந்தந்த லென்ஸைப் பொறுத்தது என்று ஒதுங்குவாரும் உண்டு. இப்பதில்கள் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், ‘பொருந்துகிறது’ என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு காரியங்களைக் குறிப்பதுதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. எந்தத் தூரத்தில், எந்த அப்பர்ச்சரில் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சண்டையின் பெரும்பகுதி தணிந்துவிடும். தணியாமல் நிற்பது எது என்பதே நாம் தேட வேண்டியது.

கேள்வி பிறந்த இடம்

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தபோது அதன் லென்ஸ் கழற்ற முடியாதது. 1930இல் திருகிக் கழற்றும் லென்ஸோடு புதிய லைக்கா வந்தது. ஆனால் அந்த முதல் தொகுதியில் ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட பாடிக்கென்றே தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்டது. பாடி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை லென்ஸில் பொறித்தார்கள். அதாவது, செய்தவர்கள் தாமே முதலில் சொன்ன பதில் ‘மாற்றி மாட்டாதே’ என்பதுதான். 1931இல் நிலைமை மாறியது. லென்ஸ் அமரும் பீடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தப்பட்டது. அந்த அளவுக்குச் செய்த பாடியின் பீடத்தில் ஒரு சுழியம் பொறிக்கப்பட்டது. அந்தச் சின்னச் சுழியத்தை இன்றும் சில பழைய லைக்காக்களில் காணலாம். எந்த லென்ஸையும் எந்தப் பாடியிலும் மாட்டலாம் என்ற வாக்குறுதியின் முதல் முத்திரை அது.

மறு ஆண்டே அந்த வாக்குறுதியின்மேல் இன்னொரு சுமை ஏறியது. 1932இல் வந்த லைக்கா 2இல் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைக்கப்பட்டது. லென்ஸைத் திருகும்போது அதன் பின்வளையம் முன்னும் பின்னும் நகரும். பாடிக்குள் இருக்கும் சிறு உருளை அந்த வளையத்தைத் தொட்டுக்கொண்டே நகர்ந்து, வியூஃபைண்டரில் தெரியும் இரட்டைப் பிம்பத்தை ஒன்று சேர்க்கும். இந்த அமைப்பில் பாடி லென்ஸைப் ‘பார்ப்பதில்லை’. லென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் அளக்கிறது. அந்த நகர்வை எத்தனை மீட்டர் என்று மொழிபெயர்ப்பது பாடிக்குள் உறைந்திருக்கும் ஓர் அனுமானம். லைக்காவின் அனுமானம், சாதாரண லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 51.6 மி.மீ. என்பது. முகப்பில் 50 என்று பொறித்திருந்தாலும் கணக்கு 51.6க்குத்தான். பிற்காலத்து லைக்கா 50 மி.மீ. லென்ஸ்களில் முடிவிலிக் குறியை ஒட்டி 16, 19, 22 என்பதுபோல் ஒரு சிறிய எண் இருக்கும். அந்த லென்ஸின் உண்மைக் குவியத் தூரம் 51.6, 51.9, 52.2 என்பதன் குறிப்பு அது. கண்ணாடி உருக்குவதிலும் தேய்ப்பதிலும் வரும் சிறு வேறுபாட்டை லைட்ஸ் மறைக்கவில்லை. அளந்து, அதற்கேற்ற மரையோடு சேர்த்து விற்றது. லைக்காவின் பொருத்தம் இப்படித் தொழிற்சாலையில் லென்ஸுக்கு லென்ஸ் செய்யப்பட்ட வேலையில் இருந்ததே தவிர, மரையில் மட்டும் இருந்ததில்லை.

அதே 1932இல் சைஸ் ஐகான் தன் கான்டாக்ஸைக் கொண்டுவந்தது. ஹைன்ஸ் க்யூப்பன்பெண்டர் தலைமையில் உருவான அந்தக் கேமரா லைக்காவின் எதையும் பின்பற்றவில்லை. மரைக்குப் பதில் சற்றே திருப்பிப் பூட்டும் பயனெட், 50 மி.மீ. லென்ஸை ஃபோக்கஸ் செய்யும் சுழல் மரை லென்ஸில் இல்லாமல் பாடியில்; சாதாரண லென்ஸுக்கான அனுமானம் சுமார் 52.4 மி.மீ. இந்த 0.8 மி.மீ. வேறுபாடு அப்போது யாருக்கும் தொந்தரவு தரவில்லை, ஏனெனில் ஒன்றின் லென்ஸ் மற்றதில் மாட்டவே மாட்டாது. போருக்குப் பிறகு இரு மரபுகளும் பிற நாடுகளில் கலந்தபோதுதான் அது வெளியே வந்தது.

மரை சேர்ந்தால் போதும் என்ற நிலைப்பாடு

பழைய, மிகப் பரவலான நிலைப்பாடு இது. இதற்குச் சான்று உண்டு. 1950இல் ஜப்பானுக்குச் சென்ற ‘லைஃப்’ இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன், நிப்பான் கோகாக்குவின் (பின்னாளைய நிக்கான்) நிக்கார் லென்ஸ்களைத் தம் லைக்காவில் மாட்டிக் கொரியப் போரைப் படமெடுத்தார். அந்தப் படங்களின் கூர்மைதான் ஜப்பானிய லென்ஸ்களை உலகம் கவனிக்கச் செய்தது. வேறு நாட்டில், வேறு தொழிற்சாலையில் செய்த லென்ஸ், ஜெர்மன் பாடியில் போர்க்களத்தில் வேலை செய்தது. கேனன், நிக்கான் இரண்டும் லைக்காவின் மரை, 28.8 மி.மீ. இடைவெளி, 51.6 அனுமானம் ஆகிய மூன்றையும் ஏற்றுச் செய்த லென்ஸ்கள் இன்றும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கத் தக்கவை. 1954இல் லைக்கா எம்3 பயனெட்டுக்கு மாறியபோது பீட இடைவெளியை 27.8 மி.மீ. என்று வைத்தார்கள். சரியாக 1 மி.மீ. குறைவு. ஆகவே 1 மி.மீ. கனமுள்ள ஒரு வளையத்தை இடையில் வைத்தால் பழைய திருகு லென்ஸ் எல்லாம் புதிய பாடியில் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்போடு வேலை செய்யும். பழைய வாடிக்கையாளரைக் கைவிடாத இந்த முடிவு கேமரா வரலாற்றில் பாராட்டத்தக்க ஒன்று.

மரையைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்தால் இந்த நிலைப்பாடு உடைந்துவிடும். 39 மி.மீ. மரை லைக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. சோவியத் செனித் எஸ்எல்ஆர் கேமராக்களின் தொடக்ககால லென்ஸ்களும் 39 மி.மீ. மரைதான், ஆனால் அவற்றின் பீட இடைவெளி 45.2 மி.மீ. லைக்காவில் அழகாகத் திருகி அமரும், ஃபோக்கஸ் மட்டும் எங்கும் சேராது. ஜெர்மன் பாக்சட் கேமராவின் மரையும் 39, அதன் இடைவெளியும் வேறு. படம் பெரிதாக்கும் என்லார்ஜர் லென்ஸ்கள் பலவற்றின் மரையும் அதுவே. இன்னும் நுட்பமாகப் போனால், லைக்காவின் மரை ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று. சோவியத் மரை ஒரு மி.மீட்டருக்கு ஒரு சுற்று, அதாவது ஓர் அங்குலத்துக்கு 25.4. கேனனின் தொடக்ககால ‘ஜே’ வகைக் கேமராக்களில் 24 சுற்று. முதல் இரண்டும் நடைமுறையில் சேர்ந்துவிடும். மூன்றாவதை வலிந்து திருகினால் மரைதான் சிதையும். கையில் லேசான எதிர்ப்பு தெரிந்ததுமே நிறுத்திவிடுவது நல்லது.

லென்ஸைத் தொடும் பாடிப் பகுதியிலும் ஒரு வேறுபாடு மறைந்திருக்கிறது. லைக்காவில் லென்ஸைத் தொடுவது உருளை. லைக்காவைப் பின்பற்றிய பழைய சோவியத் ஃபெட், சோர்க்கி பாடிகளில் அது ஒரு சாய்ந்த நாக்கு. முழு வளையம் கொண்ட லென்ஸின்மேல் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும். ஆனால் சில நீள லென்ஸ்களில் முழு வளையத்துக்குப் பதில் ஒரு சிறு துண்டு மட்டும்தான் பின்னால் நீண்டிருக்கும். உருளை அதைச் சரியாகத் தேடிக்கொள்ளும்; நாக்கு வேறோர் இடத்தில் தொடலாம், சிக்கவும் செய்யலாம். மரை சேர்ந்தது, இடைவெளி சேர்ந்தது, ஆனாலும் அளவு தவறியது என்ற புகார்களில் சிலவற்றுக்கு இது விளக்கமாகலாம்.

51.6 எதிர் 52.4

இரண்டாவது நிலைப்பாடு வரலாற்றிலிருந்து வருகிறது. 1945க்குப் பிறகு கான்டாக்ஸ் செய்யும் கருவிகளும் பாகங்களும் போர் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. அவற்றிலிருந்து கீவ் நகரில் கீவ் கேமராவும், லுட்விக் பெர்ட்டெலே சைஸுக்காக வடிவமைத்த சொன்னார் லென்ஸிலிருந்து ஜூப்பிட்டர் 3, ஜூப்பிட்டர் 8 லென்ஸ்களும் பிறந்தன. அதே ஜூப்பிட்டர்களைச் சோர்க்கிக்காக 39 மி.மீ. திருகு மரையிலும் செய்தார்கள். கண்ணாடிக் கணக்கு சைஸிலிருந்து வந்தது. ஆகவே குவியத் தூரம் 52 மி.மீட்டரைத் தாண்டியது. சோர்க்கிப் பாடியின் வடிவமோ லைக்கா 2இலிருந்து எடுத்தது. சைஸ் கண்ணாடியை லைக்கா எலும்புக்கூட்டில் வைத்ததால், உண்மையான லைக்காவில் மாட்டினால் ஃபோக்கஸ் தவறும் என்பது இந்த வாதம்.

தவறு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஃபிலிமிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரைப் படமெடுக்க, 51.6 மி.மீ. லென்ஸ் முடிவிலி நிலையிலிருந்து 2.98 மி.மீ. முன்னே வர வேண்டும். 52.4 மி.மீ. லென்ஸ் 3.08 மி.மீ. வர வேண்டும். வித்தியாசம் 0.1 மி.மீ. லைக்காவின் உருளை 2.98ஐ உணர்ந்ததும் ‘ஒரு மீட்டர்’ என்று சொல்லிவிடும். ஆனால் கண்ணாடி அப்போது சுமார் மூன்று செ.மீ. பின்னால், முகத்தின் கண்ணை விட்டுக் காதுப் பக்கமாக பார்த்துக்கொண்டிருக்கும். வழக்கமாக ஏற்கும் 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை வைத்துப் பார்த்தால், 1.5 அப்பர்ச்சரில் ஃபிலிம் தளத்தில் நமக்குள்ள சலுகை இரு பக்கமும் 0.045 மி.மீ. மட்டுமே. தவறு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்பர்ச்சரை 4க்கு மூடினால் சலுகை 0.12 மி.மீ. ஆகிறது, தவறு அதற்குள் அடங்கிவிடுகிறது. பத்து மீட்டர் தூரத்தில் இரு லென்ஸ்களுக்கும் உள்ள வித்தியாசம் 0.01 மி.மீட்டருக்கும் குறைவு, எந்த அப்பர்ச்சரிலும் தெரியாது.

முதல் இரண்டு நிலைப்பாட்டாரும் ஏன் உறுதியாகப் பேசுகிறார்கள் என்பதை இந்தக் கணக்கு விளக்குகிறது. கோயில் திருவிழாவைப் பகலில், பத்து மீட்டர் தள்ளி, 5.6 அப்பர்ச்சரில் எடுப்பவருக்கு ஜூப்பிட்டர் ‘பொருந்தும்’. இரவில் விளக்கொளியில் ஒரு மீட்டர் அருகே பாட்டியின் முகத்தை 1.5இல் எடுப்பவருக்கு அதே லென்ஸ் ‘பொருந்தாது’. இருவரும் பொய் சொல்லவில்லை.

இதே முரண் ஜப்பானிலும் உண்டு என்பது இந்த நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்க்கிறது. 1948இல் வந்த நிக்கான் ரேஞ்ச்ஃபைண்டர், கான்டாக்ஸின் பயனெட்டையும் லைக்காவின் 51.6 அனுமானத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. கான்டாக்ஸ் லென்ஸ் நிக்கானில் மாட்டும். அகலக் கோண லென்ஸ்களில் சலுகை அதிகம், தவறு மறைந்துவிடும். 85 மி.மீ., 135 மி.மீ. லென்ஸ்களில் அது மறைவதில்லை. எந்த லென்ஸ் மாட்டும், எது மாட்டக் கூடாது என்று வாங்குவோர் அன்றே பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், பல ஜூப்பிட்டர்கள் லைக்காவில் அருகிலும் சரியாக ஃபோக்கஸ் ஆகின்றன என்பது. அது உண்மை. லென்ஸ் தொகுதிக்கும் உறைக்கும் நடுவே ‘ஷிம்’ எனப்படும் மெல்லிய வளையத் தகடு உண்டு. அதன் கனத்தை 0.1 மி.மீ. மாற்றினால் ஒரு மீட்டர் தூரம் சரியாகிவிடும். ஆனால் முடிவிலி அதே 0.1 மி.மீ. தவறும், 1.5 அப்பர்ச்சரில் தொலைவிலுள்ள கெலேடாங் மலையை எடுக்க முயன்றால் லென்ஸின் ஃபோக்கஸ் சுமார் 27 மீட்டருக்கு அப்பால் போகாது. மூடிய அப்பர்ச்சரில் மலை தெளிந்துவிடும். தகடு தவறை இடம் மாற்றும், நீக்காது. அருகில் இருப்பவரை எடுக்கவே வேகமான லென்ஸை வாங்குகிறோம், மலையை 1.5இல் யாரும் எடுப்பதில்லை. ஆகவே அருகுக்குச் சரிசெய்து கொள்வதே நியாயமான தேர்வு என்று தோன்றுகிறது. ஆனால் சரியாக வேலை செய்யும் ஒரு ஜூப்பிட்டரைக் காட்டி, அளவு வேறுபாடே இல்லை என்று நிறுவ முடியாது. அது யாரோ ஒருவர் எப்போதோ தகட்டை மாற்றிய லென்ஸாக இருக்கலாம்.

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு வரலாறு

மூன்றாவது நிலைப்பாடு தரநிலை பற்றிய பேச்சையே வீண் என்கிறது. அறுபது எழுபது ஆண்டு வயதான லென்ஸில், தொழிற்சாலை வைத்த அளவு இன்னும் இருக்கிறது என்று எண்ணுவது தவறு என்பது அதன் சாரம். போருக்கு முந்தைய ஃபெட் கேமராக்களில் லென்ஸ் பாடிக்குப் பாடி பொருத்தப்பட்டது. அவற்றைப் பிரித்து விற்றுவிட்டால் இரண்டுமே அநாதைகள். சந்தையில் லைக்கா என்று பொறித்து விற்கப்படும் ஃபெட், சோர்க்கிகளும், கார்ல் சைஸ் சொன்னார் என்று பெயர் மாற்றிய ஜூப்பிட்டர்களும் ஏராளம். பெயரை வைத்து அளவைக் கணிப்பவர் இங்கே ஏமாந்துபோவார்.

ஈப்போ அமைந்த பேராக் போன்ற இடத்தில் இந்த நிலைப்பாடு கூடுதல் எடை பெறுகிறது. மலேசியாவின் காற்று ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். 60 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதத்தில், இருட்டான தோல் உறைக்குள் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்காவிட்டால்தான் வியப்பு. டார்ச்சை ஒரு பக்கமாகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல் கிளைவிட்ட வெள்ளை இழைகள் தெரியும். சில லென்ஸ்களில் இழை இல்லாமல் மூச்சுப் பட்டதுபோல் ஒரு மங்கல் மட்டும் படர்ந்திருக்கும். அதைத் துடைக்க லென்ஸைத் திறந்தாக வேண்டும். திறந்தால் தகடு வெளியே வரும். அது காகிதம்போல் மெல்லியது. எண்ணெய்ப் பசையில் கண்ணாடித் தொகுதியோடு ஒட்டிக்கொண்டு வந்து, துடைக்கும் துணியோடு போய்விடும். சுழல் மரைக்குப் பல தொடக்க இடங்கள் உண்டு. தவறான இடத்தில் சேர்த்துத் திருகினாலும் லென்ஸ் வழுவழுவென்று சுற்றும், ஃபோக்கஸ் மட்டும் வேறெங்கோ இருக்கும். நம் வட்டாரத்துப் பழைய லென்ஸ்களில் சுத்தமாக இருப்பவை ஒரு முறையாவது திறக்கப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். குளிர்நாட்டில் எழுதப்படும் பொருத்தப் பட்டியல்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆயினும் இந்த நிலைப்பாட்டை அதன் எல்லைக்கே கொண்டுபோவது சரியில்லை. எல்லாம் தனித்தனி என்றால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் சொல்ல முடிகிறது. கேனன் லென்ஸ்களில் புகார் குறைவு, ஜூப்பிட்டர்களில் அதிகம், அதுவும் அருகில் பின்னால் விழும் புகாரே அதிகம் என்பது ஒரு திசையைக் காட்டுகிறது. தற்செயலான தவறுகள் இரு பக்கமும் சமமாகச் சிதறியிருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவிட வேண்டும். சொன்னார் வகை லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோக்கஸ் தளமே பின்னோக்கி நகரும். இது பொருத்தக் குறையன்று, கண்ணாடி அமைப்பின் இயல்பு. இந்த நூற்றாண்டில் சைஸ் புதிதாக லைக்கா எம் மவுண்ட்டில் செய்த சி சொன்னார் 1.5 லென்ஸிலேயே இது உண்டு. தொடக்கத்தில் அதை 2.8 அப்பர்ச்சருக்குச் சரியாக வைத்ததால் 1.5இல் ஃபோக்கஸ் சற்று முன்னால் விழுந்தது. புத்தம் புதிய லென்ஸில், சரியான பாடியில் நடப்பதைப் பழைய ஜூப்பிட்டரில் கண்டதும் ‘சோவியத் அளவுக் கோளாறு’ என்று முடிவு கட்டுவது அவசரம்.

பாடியின் பங்கு

விவாதம் முழுவதும் லென்ஸைச் சுற்றியே நடப்பது ஒரு குறை. அளக்கும் கருவி பாடியில்தான் இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைக் வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் அதன் உண்மைத் திறன் கிடைக்கும். லைக்கா 3 வரிசையில் அது ஏறத்தாழ 58 மி.மீ., எம்3இல் 60ஐத் தாண்டும், கேனன் 7இல் சுமார் 47, கொசினா செய்த பெஸ்ஸா ஆரில் 25, 1973இல் மினோல்டா செய்த லைக்கா சிஎல்லில் 19தான். 1961இல் கேனன் 7க்காகவே வந்த 0.95 லென்ஸைச் சிஎல் போன்ற பாடியின் அளவீட்டுத் திறனை நம்பி அருகில் பயன்படுத்துவது, தையற்காரர் அளவுநாடாவால் நகை அளப்பது போன்றது. மறுபுறம், வேகம் குறைந்த லைக்காவின் 3.5 எல்மார் லென்ஸுக்கு இவை எல்லாமே தாராளம். சிஎல்லோடு வந்த 40 மி.மீ. சும்மிக்ரானின் பின்வளையம் சாய்வாகச் செய்யப்பட்டது. எம் பாடிகளில் அது துல்லியமாக வேலை செய்யும் என்று லைட்ஸ் உறுதி தரவில்லை. ஒரே நிறுவனம், ஒரே மவுண்ட், ஆனாலும் தயக்கம்.

இடிக்கும் இடங்கள் வேறு உண்டு. லைக்கா எம்5, சிஎல் இரண்டிலும் ஒளியளக்கும் சிறு கை ஒன்று திரைக்கு முன்னால் எழுந்து நிற்கும். ஜூப்பிட்டர் 12 போல் பின்கண்ணாடி ஆழமாக உள்ளே நீளும் லென்ஸையும், உள்ளே மடக்கும் பழைய எல்மார், சும்மார் போன்றவற்றை மடக்கிய நிலையிலும் அங்கே தவிர்க்க வேண்டும். 1999இல் வந்த கோனிக்கா ஹெக்சார் ஆர்எஃப் தொடர்பான விவாதமோ வேறு வகை. அதன் பீட இடைவெளி லைக்காவிலிருந்து இம்மியளவு மாறுகிறது என்று சிலரும், அளந்து பார்த்தால் வழக்கமான ஏற்றத்தாழ்வுக்குள்தான் இருக்கிறது என்று சிலரும் சொன்னார்கள். ஒருமித்த முடிவு வரவில்லை.

டிஜிட்டல் காலத்தின் பதில்

2004இல் எப்சன் ஆர்-டி1, 2006இல் லைக்கா எம்8, 2009இல் முழு அளவு எம்9 என்று டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்கள் வந்தபோது பழைய தவறுகள் புதிய வெளிச்சத்தில் தெரிந்தன. ஃபிலிம் சிறிது வளையும், அதன் பூச்சுக்குக் கனமுண்டு. சென்சார் விறைப்பான தட்டை. திரையில் முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கும் கண் 0.03 மி.மீ. மங்கலை ஏற்பதில்லை. பாதியாகக் குறைத்தால் 1.5 அப்பர்ச்சரின் சலுகை 0.0225 மி.மீ. ஆகிவிடும். ஐம்பது ஆண்டுகள் யாரும் குறை சொல்லாத லென்ஸ் திடீரென்று ‘கெட்டுப்போனதற்கு’ இதுவே பெரும்பாலும் காரணம்.

அடுத்து வந்த மிரர்லெஸ் கேமராக்களால் கேள்வியே செத்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. சோனி பாடியின் பீட இடைவெளி 18 மி.மீ.; 10.8 மி.மீ. கனமுள்ள அடாப்டர் போதும், எந்தத் திருகு லென்ஸும் அமரும். உருளையும் இல்லை, அனுமானமும் இல்லை. சென்சார் பார்ப்பதையே கண் பார்க்கிறது. 51.6, 52.4 என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை என்பது உண்மை. இருந்தாலும் சென்சாரின்மேல் உள்ள தடித்த கண்ணாடி, பின்கண்ணாடி ஆழமாக அமர்ந்த பழைய அகலக் கோண லென்ஸ்களின் ஓரங்களைக் குழைத்துவிடுகிறது. ஃபிலிமில் விளிம்புவரை தெளிவாக இருந்த லென்ஸ் அங்கே தோற்கிறது. ஒரு பொருத்தக் கேள்வி போய் இன்னொன்று வந்திருக்கிறது. மேலும், தாத்தாவின் பாடியிலேயே ஃபிலிம் போட்டு எடுக்க விரும்புபவருக்கு மிரர்லெஸ் ஒரு பதிலே இல்லை. ஆனால் அது ஒரு நல்ல சோதனைக் கருவி. சந்தேகமான லென்ஸை அதில் மாட்டி ஃபோக்கஸ் செய்து, லென்ஸின் தூர அளவுகோல் காட்டும் எண்ணை உண்மைத் தூரத்தோடு ஒப்பிட்டால் தவறு லென்ஸிலா பாடியிலா என்பது ஏறத்தாழ விளங்கிவிடும். அடாப்டரின் கனம் சரியானதுதானா என்பதை மட்டும் முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும்; பல அடாப்டர்கள் முடிவிலியைத் தவறவிடக் கூடாதென்று சற்று மெலிதாகவே செய்யப்படுகின்றன.

தீராமல் இருப்பவை

கேனன், நிக்கார் திருகு லென்ஸ்கள் லைக்கா வகைப் பாடிகளுக்குப் பொருந்தும் என்பதில் ஐயத்துக்குப் பெரிய இடமில்லை. சைஸ் மரபுக் கண்ணாடிக்கும் லைக்கா மரபு அளவீட்டுக்கும் அருகில் ஒரு முறையான விலகல் இருக்கும் என்பதும் கணக்கிலேயே தெரிகிறது. ஆனால் திருகு மரை ஜூப்பிட்டர்களைச் செய்தபோது அந்த விலகலை ஈடுசெய்ய ஏதாவது முயன்றார்களா, ஆண்டுக்கு ஆண்டு அது மாறியதா என்பது தொழிற்சாலை நிலையிலேயே திறக்கப்படாத லென்ஸ்கள் போதிய எண்ணிக்கையில் அளக்கப்பட்டால்தான் உறுதியாகும். அத்தகைய லென்ஸ்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நம்மைப் போன்ற ஈரநாடுகளில் அவை இன்னும் வேகமாகக் குறைகின்றன.

ஆகவே செமோரிலோ ஈப்போவிலோ ஒரு பழைய லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுப்பவர்கள் ஒரு குறிப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்: திறந்தபோது உள்ளே எத்தனை தகடுகள் இருந்தன, ஒவ்வொன்றின் கனம் எவ்வளவு, சுழல் மரை எந்தக் குறியில் பிரிந்தது. மைக்ரோமீட்டரால் அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதி, லென்ஸோடு அதே உறைக்குள் வைத்துவிடட்டும்.